கைதட்டினால் ரத்தம் வராது

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்த வங்கியில் நான் பார்த்த வேலைக்கு ‘டோனர் மோட்டிவேட்டர்’ என்று பெயர். சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால், “ஓ, நீதான் ஊசி குத்தறவளா?” என்பார்கள். இல்லை. ஊசி குத்த டெக்னீஷியன்கள் உண்டு. நான் பேசுகிறவள். மில், கல்லூரி, பட்டறை, கல்யாண மண்டபம் என்று எங்கே கேம்ப் போட்டாலும், மைக்கைப் பிடித்துப் பத்து நிமிடம் பேச வேண்டும். கேட்டவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கட்டிலில் வந்து படுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மற்ற பேச்சாளர்களுக்கு ஒரு வசதி உண்டு. பேசி முடித்ததும், ‘இன்றைக்கு நன்றாகத்தான் பேசினோம்’ என்று தங்களைத் தாங்களே தட்டிக் கொடுத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து உள்ளே எத்தனை ரத்தப் பை இருக்கிறது என்று எண்ணினால் என் மார்க் தெரிந்துவிடும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் “மேடம், எப்படிப் பேசறதுன்னு டிப்ஸ் குடுங்க” என்று கேட்கிறார்கள். டிப்ஸ் கொடுக்கும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் எப்படியெல்லாம் பேசினால் ஒரு பைகூடத் தேறாது என்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதை எழுதுகிறேன்.

1. முதல் கேம்ப்

வேலையில் சேரும்போது எனக்கு என் பேச்சின்மேல் அசாத்திய நம்பிக்கை. எங்கள் சர்ச்சில் பல வருடமாக ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசித்தவள் நான். “அருள்மேரி வாசிச்சா மைக்கே வேண்டாம்” என்று ஃபாதரே சொல்லியிருக்கிறார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாரா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

முதல் கேம்ப் கணபதியில், பட்டறைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தின் ஹாலில். லேத், மோட்டார் வைண்டிங், கிரைண்டர் பாகம் என்று எல்லாப் பட்டறையிலிருந்தும் ஆள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரியெல்லாம் கண்விழித்து மனப்பாடம் செய்திருந்தேன். “உதிரம் என்பது உடலுக்குள் ஓடும் நதி! அந்த நதியில் ஒரு கை அள்ளிக் கொடுக்க உங்களுக்கு மனமில்லையா?” என்று ஆரம்பித்து, அடுக்குமொழியில் விளாசித் தள்ளினேன். கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். பின்வரிசையிலிருந்து ஒரு விசில்கூட வந்தது. நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். கூட்டம் எழுந்தது. எழுந்து, நேராக டீ குடிக்கப் போனது. போனது போனதுதான்.

கட்டில்கள் காலியாகக் கிடந்தன. டெக்னீஷியன் சபரி கையுறையைப் போட்டுக்கொண்டு ஆளுக்காகக் காத்திருந்தான். கடைசியில் வேனை நிறுத்திவிட்டு வந்த எங்கள் டிரைவர் ரஹ்மத் பாய், ஒரு பெருமூச்சு விட்டபடி கட்டிலில் படுத்தார். உக்கடம் பக்கத்து ஆள். வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

“என்ன பாய், நீங்க எதுக்கு?”

“இல்ல சிஸ்டர், மொத நாளு. வெறும் பொட்டியோட போனா உங்களுக்கு நல்லாருக்காது” என்றார்.

அந்த ஒரே பையோடு திரும்பினோம். எங்கள் டாக்டரம்மா, அதாவது ரத்த வங்கிக்குப் பொறுப்பான டாக்டர், பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“என்ன மேரி, பேச்சு எப்படி?”

“செமயா கைதட்டினாங்க மேடம்.”

“சரி. அந்தக் கைதட்டல எந்த ஃப்ரிட்ஜ்ல வைக்கட்டும்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

2. ஏசி ஹாலில் கற்ற வித்தை

அப்புறம் நிர்வாகம் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டல். கோட்டு போட்ட ஒருவர், கன்னத்தில் ஒட்டிய மைக்கோடு, மேடையில் நடந்துகொண்டே பேசினார். முதல் வாக்கியத்தில் அதிரவைக்க வேண்டும். முக்கியமான இடத்தில் மௌனம் காக்க வேண்டும். பதில் வேண்டாத கேள்வியாகக் கேட்டு, கேட்பவர் மனதில் அதை ஓடவிட வேண்டும். ஒரே வார்த்தையை மும்முறை அழுத்திச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒருவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். நான் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன்.

அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. இன்றைக்கும் சொல்வேன், எல்லாமே சரியான உத்திகள்தான். அவற்றை என்னிடம் கொடுத்ததுதான் தப்பு.

துடியலூரில் ஒரு ஸ்பின்னிங் மில் கேம்ப்பில் மௌனத்தைப் பிரயோகித்தேன். “ஒரு உயிர்…” என்று சொல்லி நிறுத்தினேன். மனதுக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லியிருந்தார் கோட்டுக்காரர். ஒன்று, இரண்டு. முன்வரிசையில் இருந்த வெல்ஃபேர் ஆபீசர் பதறி எழுந்தார். மூன்று. யாரோ நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நான்கு. இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்து உட்காரவைத்துத் தலையைக் குனியவைத்துவிட்டார்கள்.

“அம்மணிக்கு மயக்கமுங்க! காத்து வுடுங்க, காத்து வுடுங்க!”

“காலைல ஒண்ணுஞ் சாப்புடாம வந்திருப்பாங்க, பாவம்!”

“இல்லீங்க, எனக்கு ஒண்ணுமில்லீங்க, இது பேச்சுல ஒரு…” என்று நான் சொல்லச் சொல்ல முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். நாங்கள் கொண்டுபோன கட்டிலிலேயே என்னைப் படுக்கவைத்தார்கள். சபரி பிரஷர் பார்த்தான். மேனேஜர் ரூமிலிருந்து இளநீர் வந்தது. ரத்தம் எடுக்க வந்தவளே எடுக்கும் முன்னால் விழுந்துவிட்டாள், நாம் கொடுத்தால் என்ன கதி என்று மொத்த ஷிப்ட்டும் முடிவு கட்டிவிட்டது. அன்றைக்கு இளநீர் மட்டும்தான் மிச்சம்.

கண்ணைப் பார்த்துப் பேசுவதும் கைகொடுக்கவில்லை. ஒரு பம்ப் கம்பெனியில், மூன்றாவது வரிசையில் இருந்த சூப்பர்வைசர் ஒருவரின் கண்ணைப் பார்த்தே முழுப் பேச்சையும் பேசினேன். முடிந்ததும் மனிதர் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தார். “ஏனுங்க, நானு ஏதாச்சும் தப்பு பண்ணிப்போட்டனுங்களா?” என்று கேட்டார்.

எல்லாவற்றையும்விட மோசம், பதில் வேண்டாத கேள்வி. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டால், அதற்குப் பதில் சொல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு. நானும் இதே ஊர்க்காரிதான், எனக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா? ஒரு குடியிருப்போர் சங்கத்தில் கையை விரித்துக்கொண்டு, “நம்ம வீட்டில் ஒருவருக்கு ரத்தம் தேவைப்பட்டால் நாம் என்ன செய்வோம்?” என்று முழங்கினேன். கேள்வி அவர்கள் மனதில் ஓட வேண்டும் அல்லவா? ஓடவில்லை. முன்வரிசைப் பெரியவர் எழுந்து கும்பிட்டார்.

“உங்க ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போடுவோமுங்க.”

பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். “எங்க பெரியப்பாவுக்கு அப்படித்தானுங்க போட்டோம். நல்லாக் கவனிச்சாங்க. ஆனா ஒண்ணுங்க, உங்க ஆஸ்பத்திரில வண்டி நிறுத்தறதுக்குத்தான் எடமே இல்லீங்க.”

“ஆமாங்க, அந்த கேன்டீன் சட்னியயும் கொஞ்சம் சொல்லிப்போடுங்க” என்றார் ஒரு அம்மா.

அதற்கப்புறம் முக்கால் கூட்டமும் பார்க்கிங், கேன்டீன், லிஃப்ட் என்று போனது. நானும் மரியாதைக்காரிதானே? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

3. அவர்களே, அவர்களே

இதை எழுதாமல் விட்டால் ரஹ்மத் பாய் என்னைச் சும்மா விடமாட்டார்.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வியாபாரிகள் ஒரு மண்டபத்தில் கேம்ப் ஏற்பாடு செய்திருந்தார்கள். நம் ஊர் மேடைக்கு ஒரு முறை உண்டு. பேச ஆரம்பிக்கும் முன்பு மேடையில் இருப்பவர்கள், முன்வரிசையில் இருப்பவர்கள், மண்டபம் கொடுத்தவர் என்று ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ‘அவர்களே’ போட வேண்டும். செயலாளர் ஒரு துண்டுச்சீட்டில் பேரெல்லாம் எழுதியே கொடுத்தார். ஆனால் நான்தான் ஏசி ஹாலில் படித்தவளாயிற்றே! முதல் வாக்கியத்தில் அதிரவைக்க வேண்டாமா? சீட்டை மடித்து வைத்துவிட்டு, மைக்கைப் பிடித்து எடுத்த எடுப்பில், “ரத்தம்!” என்று கத்தினேன்.

அதிரத்தான் செய்தார்கள். மேடையில் இருந்தவர்கள் முகமெல்லாம் சுண்டிப்போயிற்று. ரத்தம் கொடுப்பதற்காகவே தன் குடோனிலிருந்து மூட்டை தூக்கும் ஆட்களை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார் சங்கத்தின் பொருளாளர். நல்ல திடகாத்திரமான ஆட்கள். அவர் மெதுவாக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நம்மள இங்க யாருக்கும் தெரியாதாட்ட இருக்குது. வாங்கப்பா, போலாம்.”

நான் மைக்கை விட்டுவிட்டு வாசல்வரைக்கும் ஓடினேன். “அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா, பேர் சொல்லத்தான் இருந்தேன்” என்று கெஞ்சினேன்.

“அய்யோ, கோவமெல்லாம் இல்லீங்க அம்மணி. அதுக்கென்னுங்க. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க” என்றார்.

நம் பக்கத்தில் ஒருவர் கோபமில்லை என்று இத்தனை ‘ங்க’ போட்டுச் சொன்னால், அந்த ஜென்மத்துக்கு அந்தக் கதை முடிந்தது என்று அர்த்தம். லாரி போய்விட்டது.

அடுத்த கேம்ப்பில் நான் பட்ட சூட்டுக்கு மருந்து போட்டேன். மேடையில் இருந்தவர், கீழே இருந்தவர், மைக்செட்காரர், சமையல்காரர், வாட்ச்மேன் என ஒருவர் விடாமல் ‘அவர்களே’ போட்டேன். கடைசி அவர்களே போட்டு முடிக்கவும் சாப்பாட்டு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. திரும்பும்போது வேனில் ரஹ்மத் பாய், “சிஸ்டர், இன்னிக்கு ரத்தம் குடுக்காதவங்க பேரெல்லாம் எனக்கு மனப்பாடம்” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை.

4. நித்யா பேசிய பேச்சு

இதுவரைக்கும் எழுதியதைப் படித்துச் சிரிக்கலாம். நானே சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் ரத்த வங்கியின் ஃப்ரிட்ஜ் காலியாக இருப்பது சிரிக்கும் விஷயம் இல்லை. அதை எனக்குப் புரியவைத்தது ஒரு மே மாதம்.

கோடையில் கல்லூரிகள் மூடிவிடும். ஊரில் நோம்பி, திருவிழா என்று மில் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். டோனர்கள் கிடைக்க மாட்டார்கள். எங்களிடம் மாதாமாதம் ரத்தம் ஏற்ற வருகிற பிள்ளைகள் சிலர் உண்டு. தலசீமியா. உடம்பு தானாக நல்ல ரத்தத்தை உண்டாக்காது, வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களில் ஒருத்தி நித்யா, துடியலூர்க்காரி, ஒன்பது வயது. வாயாடி. ரத்தம் ஏறும் நேரம் பூராவும் என்னோடு வம்பளப்பாள். அவளுக்கு ஓ நெகட்டிவ். கிடைப்பதற்கு அரிதான குரூப். அவளுக்கு வேறு எதையும் ஏற்ற முடியாது.

அந்த மாதம் எங்களிடம் ஓ நெகட்டிவ் ஒரு பைகூட இல்லை. ஊரில் இருக்கும் மற்ற ரத்த வங்கிகளுக்கெல்லாம் போன் போட்டோம். இல்லை. எங்கள் லிஸ்ட்டில் இருந்த பழைய டோனர்களில் ஒருவர் வெளிநாட்டில், ஒருவருக்கு மஞ்சள் காமாலை, ஒருவர் போனையே எடுக்கவில்லை. நித்யாவுக்கு ஏற்ற வேண்டிய தேதி தாண்டிவிட்டது. உதடு வெளுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். “மேரி, இன்னும் தள்ளிப் போட முடியாது. அவ இதயம் தாங்காது. நாளைக்குக் கணபதி கேம்ப் ஒண்ணுதான் கையில இருக்கு. எப்படியாவது கொண்டு வா.”

எப்படியாவது என்றால்? பெட்டி நிறையப் பை வந்தாலும், அதில் ஓ நெகட்டிவ் ஒன்று இருந்தால்தான் உண்டு. நிறைய ஆட்கள் கொடுத்தால்தான் அதற்கும் வாய்ப்பு. நானோ கைதட்டல் வாங்குகிற ஆள்.

மறுநாள் காலையில் வேன் பக்கத்தில் நித்யாவின் அம்மா பிரேமா நின்றிருந்தாள். பிளவுஸ் தைத்துக் குடும்பம் நடத்துகிறவள். அவள் கையைப் பிடித்தபடி நித்யா.

“நானும் வாரேனுங்க்கா. ஊட்ல உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும். இவள உட்டுட்டு வாரதுக்கும் ஆளில்லீங்க.”

“சரி வா. ஆனா ரெண்டு பேரும் பின்னாடி உக்காந்துக்கணும்” என்றேன். பிள்ளையை முன்னால் நிறுத்திப் பிச்சை கேட்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது என்று எனக்குப் பயம்.

அது ஒரு வார்ப்புப் பட்டறை, பவுண்டரி. பம்புக்கான இரும்பு உருப்படிகளை வார்க்கும் இடம். தகரக் கூரைக்குக் கீழே, கரிபடிந்த சட்டையோடு ஆட்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். பயம் வந்தால் எனக்கு நிதானம் போய்விடும், இருக்கிற அத்தனை உத்தியையும் ஒரே மூச்சில் அள்ளி வீசுவேன். அதிரவைத்தேன், கேள்வி கேட்டேன், கையை உயர்த்தினேன். கடைசியில் மும்முறை அழுத்தம்.

“தருவோமா?”

“தருவோம்!”

“தருவோமா?”

“தருவோம்!”

“தருவோமா?”

“தருவோம்!” தகரம் அதிர்ந்தது. ஒருவரும் எழவில்லை.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு ஆள் கையைத் தூக்கினார். ராசு என்று பெயர். மணலில் அச்சு எடுக்கிற மோல்டர். மீசையும் தோளுமாக ஆஜானுபாகுவான ஆள்.

“ஏனுங்க அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க எத்தன தடவ குடுத்திருக்கீங்க?”

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் பன்னிரண்டரை இருக்க வேண்டும். எனக்கு எந்தக் காலத்திலும் பதினொன்றைத் தாண்டியது கிடையாது. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், மாத்திரை என்று எதைத் தின்றாலும் ஏறாது. ஊரையெல்லாம் ரத்தம் கொடுக்கச் சொல்கிறவள் ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. இதை எப்படி மைக்கில் சொல்வது? வழக்கமாக, “நான் கொடுப்பது முக்கியமில்லை, நீங்கள் கொடுப்பதுதான்…” என்று வழுக்கிக்கொண்டு போய்விடுவேன். அதற்கு வாயைத் திறந்தேன்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

“அந்த அக்காவுக்கு ரத்தமே இல்லீங்க!”

நித்யா எழுந்து நின்றிருந்தாள். பிரேமா கவுனைப் பிடித்து இழுக்கிறாள், அவள் உட்காரவில்லை.

“நெசமாத்தானுங்க. ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு, வேண்டாம் போன்னு அனுப்பிப்போடுவாங்க. அக்காவே எங்கிட்டச் சொல்லிச்சு.”

பட்டறையே சிரித்தது. ராசு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சபரி திரும்பி நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டான். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது எனக்கு.

“என்னைய மாதிரித்தானுங்க. ஆனா எனக்கு அக்காவ விடக் கம்மி” என்றாள் நித்யா.

சிரிப்பு நின்றது. ஆட்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். வெளுத்த உதட்டையும் மெலிந்த கையையும் அப்போதுதான் பார்த்தார்கள்.

“உனக்கு என்ன கண்ணு?” என்று ராசு கேட்டார்.

“மாசா மாசம் ரத்தம் ஏத்தோணுமுங்க. இந்த மாசத்துக்கு இன்னும் கெடைக்கல.”

“குத்துனா வலிக்குமா கண்ணு?”

“வலிக்குமுங்க. அக்கா வலிக்காதும்பாங்க, அதெல்லாம் சும்மா. குத்தறப்ப மூஞ்சியத் திருப்பி அக்கட்ட பாத்துக்கோங்க, சரியாப் போயிரும்.”

ராசு எழுந்தார். சட்டையைக் கழற்றிப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலைப் பார்த்து நடந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். அப்புறம் ஒரு வரிசையே நின்றது.

என் பேச்சு சல்லடையாகிப் போயிருந்தது. இனி எந்த உத்தியும் பாக்கியில்லை. மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், “எனக்கு ஓ நெகட்டிவ் வேணுமுங்க. யாருக்கு இருக்குதுன்னு எனக்குத் தெரியலீங்க. உங்களுக்கு யாரையாச்சும் தெரியுமுங்களா?” என்றேன். இத்தனை வருடத்தில், பதில் தெரியாமல் நான் மேடையில் கேட்ட முதல் கேள்வி அது. கேட்டால் பதில் சொல்லாமல் விடுகிற ஊரா இது? ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். சித்தப்பா, பங்காளி, கூடப் படித்தவன் என்று சொந்தம், ஒறம்பரை, சினேகிதம் எல்லோருக்கும் போன் பறந்தது.

கட்டிலில் படுக்கும் முன்பு விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் குரூப் பார்ப்போம். பிரேமா அந்த மேசைப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். ஓ பாசிட்டிவ். பி பாசிட்டிவ். ஏ பாசிட்டிவ். மறுபடி ஓ பாசிட்டிவ். ஒவ்வொரு தகட்டுக்கும் சபரியின் முகத்தைப் பார்ப்பாள், அவன் தலையை ஆட்டுவான். பெட்டி நிறைந்துகொண்டே வந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு கேம்ப் நடந்ததில்லை. ஆனால் இத்தனை பை இருந்தும் அந்தப் பிள்ளைக்கு ஒன்றில்லையே ஆண்டவரே என்று உள்ளுக்குள் கதறினேன்.

ராசு ஒரு கையில் ஊசியும் மறு கையில் போனுமாகப் படுத்திருந்தார். “அம்மணி, எம்பட மச்சான் ஒருத்தன் கொடுமுடில இருக்கறானுங்க. லைசென்ஸ் எடுக்கறப்ப ஏதோ நெகட்டிவ்னாங்கன்னு சொன்னாப்ல ஞாபகம். இருங்க” என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டார்.

“டேய் சின்னச்சாமி, உன்ற ரத்தம் என்ன குரூப்புடா?”

“ஏன் மாமா, யாருக்கு என்ன ஆச்சு?”

“லைசென்ஸ எடுத்துப் பாரு மொதல்ல.”

போனில் மாடு கத்தும் சத்தம் கேட்டது. பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிரேமா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓன்னு போட்டு ஒரு கோடு போட்டிருக்குது மாமா. நெகட்டிவ்.”

நான் போனைப் பிடுங்கினேன். பழக்கதோஷம் விடுமா? “ஐயா வணக்கம், நான் ரத்த வங்கியிலிருந்து பேசுகிறேன், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு துளியும்…” என்று ஆரம்பித்தேன்.

“எப்ப வரோணுமுங்க?” என்றார் அவர்.

“நாளைக்குக் காலைல வந்தீங்கன்னா…”

“நாளைக்கு எதுக்குங்க? மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு, இப்பவே பஸ் ஏறி வாரேனுங்க.”

பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். வேட்டி, சட்டை, கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. ரத்தம் கொடுத்தார். டெஸ்டெல்லாம் முடிந்து மறுநாள் மதியம் அந்த ரத்தம் நித்யாவுக்கு ஏறியது. சாயங்காலம் அவள் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்ததும் கேட்ட முதல் விஷயம் புரோட்டா. பிரேமா சிரித்தாள், அழுதாள், என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் வெட்கமில்லாமல் வார்டில் நின்று அழுதேன்.

சின்னச்சாமி ரத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, “அந்தப் புள்ள பேரு என்னங்க?” என்று கேட்டிருந்தார். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியக் கூடாது என்பது எங்கள் விதி. “சொல்லக் கூடாதுங்கண்ணா” என்றேன்.

“அப்ப வேண்டாமுங்க. மறுபடி எப்ப வரோணும்?”

“மூணு மாசம் கழிச்சுங்க.”

“சரிங்க. வாரேனுங்க.”

சொன்ன மாதிரியே வந்தார். வந்துகொண்டே இருந்தார். என் பேச்சில் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகக் கேட்காத மனிதர்.

5. பிள்ளைகளுக்கு

அதற்கப்புறம் நான் மேடையில் முதலில் சொல்வது என் ஹீமோகுளோபினைத்தான். “எனக்குப் பத்தாதுங்க, அதனால உங்ககிட்டக் கேக்க வந்திருக்கேன்” என்பேன். சிரிப்பார்கள். வலிக்கும் என்பேன். யாருக்கு, எதற்கு வேண்டும் என்பேன். தெரியாததைக் கேட்பேன். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பேன். ஏசி ஹாலில் சொல்லிக் கொடுத்த மௌனம் அப்போதுதான் எனக்கு வசப்பட்டது. பெட்டி பரவாயில்லாமல் நிறைய ஆரம்பித்தது.

இதைப் படித்துவிட்டு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்ச நாளில் அந்த ரத்தமில்லாத கதையையே ஒரு உத்தியாக்கிவிட்டேன். சொல்லும்போது குரல் தழுதழுக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்வேன். ஒருநாள் ரஹ்மத் பாய் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “சிஸ்டர், அந்தக் கதைக்கு இப்ப மேக்கப் ரொம்ப எச்சாப் போயிட்டு இருக்குது. கொஞ்சம் கழுவுங்க” என்றார். பெட்டியைப் பார்த்தேன். அன்றைக்கு மூன்றே மூன்று பை. ஆகவே பிள்ளைகளே, நான் கற்ற பாடம் இதுதான்: உண்மையைச் சொல்லுங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள். அது நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்ததும் அதை நடித்துக் காட்ட ஆசை வரும். அந்த ஆசையைத்தான் ஒவ்வொரு கேம்ப்பிலும் அடக்க வேண்டியிருக்கும்.

நான் ஓய்வு பெற்றது போன வருடம். டோனர்களுக்குப் பாராட்டு விழாவும் எனக்கு வழியனுப்பு விழாவும் ஒரே மேடையில். என்னைப் பேசச் சொன்னார்கள். ஒருவர் பேரும் விடாமல் அவர்களே போட்டுவிட்டு நிமிர்ந்தேன். மூன்றாம் வரிசையில் நித்யா, அம்மாவோடு. இப்போது காலேஜில் படிக்கிறாள். மாதாமாதம் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறாள், வாயும் குறையவில்லை. கடைசி வரிசையில் சின்னச்சாமி. காலையில் முதல் பஸ்ஸில் வந்து, கொடுத்துவிட்டு, ஜூஸ் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் பத்துப் பன்னிரண்டு வரிசை. அவருக்கு அவள் முகம் தெரியாது, அவளுக்கு அவர் முகம் தெரியாது. மேடையில் நின்ற எனக்கு இரண்டு பேரையும் தெரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நடிப்பில்லை, சத்தியமாக. சமாளித்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், சின்னச்சாமி தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். எங்கள் புது மோட்டிவேட்டர் பெண் பதறிப்போய் அவரை எழுப்பப் போனாள். நான் மேடையிலிருந்தே கையை ஆட்டி வேண்டாம் என்றேன். என்ன ஏதென்று நித்யாகூட ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்தாள்.

மனிதர் விடியும் முன்பே எழுந்து வந்தவர். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, அவர் தூக்கம் கலையாத அளவுக்குக் குரலை இறக்கிப் பேசி முடித்தேன்.